ஜெயராணின்னு போடுங்க பாய்

போன மாதம் ஒரு மதியத் தூக்கத்துக்கு நடுவில் தொலைபேசி அடித்தது. விருதுநகரில் நான் வேலை பார்த்த ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் பேசினாள்.

"சார், நாங்க எடுத்த பேட்டி எல்லாத்தையும் யார் வேணும்னாலும் படிக்கிற மாதிரி இணையத்துல போடணுமாம். பணம் குடுக்கிறவங்க சொல்லிட்டாங்க. பேரையெல்லாம் எடுத்துட்டோம். வேற என்ன சார் எடுக்கணும்?"

"அந்தப் பேட்டிய, குடுத்தவங்க தெருவுல நின்னு சத்தமா வாசிச்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"என்ன சார் ஆகும்?"

எனக்குத் தெரியும். தெரிந்ததால் தூக்கம் போய்விட்டது. விருப்ப ஓய்வு வாங்கியது நான் மட்டும்தான். என் பதற்றம் இன்னும் பணியில்தான் இருக்கிறது, ஒருநாள் கூட விடுப்பு எடுக்காமல். "எழுதி அனுப்புறேம்மா" என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது.

எங்கள் குடும்பத்துக்கு விருதுநகரில் வத்தல், மல்லி கமிஷன் கடை. அத்தாவும் அண்ணன்மாரும் மிளகாய் வத்தலைக் கையில் எடுத்து ஒரு உலுக்கு உலுக்கி, எந்த ஊர் மண்ணில் விளைந்தது என்று சொல்லிவிடுவார்கள். நான் எடுத்து உலுக்கினால் தும்மல்தான் வரும். வியாபாரி வந்து நிற்கும்போது கல்லாவில் இருப்பவன் கண்ணீரும் மூக்குமாக உட்கார்ந்திருந்தால் கடைக்கு ஏதோ துக்கம் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆகவே என்னைத் தட்டச்சுப் படிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து கணினி, அங்கிருந்து இந்த ஆய்வு மையம். பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்களின் வாழ்க்கையை அவர்கள் வாயாலேயே பதிவு செய்வது மையத்தின் வேலை. முதலில் மற்றவர்கள் எடுத்து வந்த ஒலிநாடாவைக் கேட்டுத் தட்டச்சு செய்தேன். பிறகு நானே டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. "பேசாம இருக்கக் கத்துக்கோ" என்றார்கள். அதை இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

அந்த வேலை பாதிக் கனவு மாதிரி. மதியம் இரண்டு மணிக்கு மேல் சிவகாசிப் பக்கம் வெயில் வெள்ளைத் தாளாக விரிந்து கிடக்கும். எங்கோ தூரத்தில் புது வெடியைச் சோதித்துப் பார்க்கும் ஒற்றைச் சத்தம் கேட்கும். அப்புறம் ரொம்ப நேரத்துக்கு ஒன்றும் இருக்காது. சாயங்காலப் பேருந்தில் அலுமினியப் பொடி அப்பிய ஆட்கள் ஏறுவார்கள். முகம், கை, கண் இமை எல்லாம் வெள்ளி. ஜன்னல் வழியாக வெயில் விழும்போது பேருந்து நிறைய யாரோ நிலாவை உடைத்து உட்கார வைத்த மாதிரி இருக்கும். அதில் ஒருவர் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போது என் தோளும் மினுங்கும். அலுவலகத்தில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்தக் குரல்களை மறுபடி கேட்பேன். டேப் ரெக்கார்டரில் பேட்டரி இறங்க இறங்க, குரல் நீண்டு இழுபட்டு, தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல ஆகும். தட்டச்சுப் பலகை மேல் தலை வைத்துத் தூங்கி, வேறொருத்தியின் வாழ்க்கையைக் கனவு கண்டு எழுந்திருக்கிறேன்.

எங்கள் இயக்குநர் தேவகி மேடம். மதுரைக்காரர். குரலை உயர்த்தியதே கிடையாது. உயர்த்தியிருந்தால் நமக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நாம் எதைச் சொன்னாலும் முடிந்ததும் "அப்புறம்?" என்பார். அவ்வளவுதான். அந்த "அப்புறம்?" வந்துவிட்டால் நான் கேட்காததையும் சொல்வேன், செய்யாததையும் ஒப்புக்கொள்வேன்.

பேட்டியில் ஆளை மறைப்பதற்கு அவரிடம் ஒரு முறை உண்டு. பெயர், ஊர், கம்பெனி, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றியோ எடுத்தோ விட்ட பிறகு, மதியச் சாப்பாடு முடிந்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு உட்காருவோம். நான் சத்தமாக வாசிக்க வேண்டும். மேடம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். மின்விசிறி ஓடிக்கொண்டிருக்கும். பல நாள் தூங்கிவிட்டார் என்றே நினைத்து, நானும் இரண்டு வரியை விழுங்கிப் பார்ப்பேன். ஆள்காட்டி விரல் மெல்ல எழும்பும்.

"இந்தா, வந்துட்டா."

"யாரு மேடம்?"

"இதச் சொன்னவ. இப்ப முன்னாடி வந்து நிக்கிறா. நடை தெரியுது. இந்த வரிய எடு."

குரல் கேட்க வேண்டும், ஆள் தெரியக் கூடாது. இதுதான் அவர் கணக்கு. சொல்வது எளிது. ஆளைத் துடைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் குரலும் போய்விடும். கடைசியில் கையில் மிஞ்சுவது, 'தொழிலாளர்கள் பல சிரமங்களுக்கு ஆளாகின்றனர்' என்று யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து எழுதிவிடக்கூடிய ஒரு வாக்கியம்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் வெளிநாட்டிலிருந்து ஒரு திட்டத்துக்குப் பணம் வந்தது. நிபந்தனை, போன மாதம் அந்தப் பெண் தொலைபேசியில் சொன்ன அதே நிபந்தனை. எடுத்த பேட்டி அத்தனையையும் உலகத்தில் யாரும் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைக்க வேண்டும். மேடம் அதோடு இன்னொன்றும் சேர்த்தார்.

"எங்கயோ இருக்கிறவன் படிக்கலாம், இங்க விஸ்வநத்தத்துல பட்டாசு செய்யிறவ படிக்கக் கூடாதா? தமிழ்ல புத்தகமாப் போட்டு அவங்க கையிலயும் குடுப்போம்."

நியாயமாகத்தான் பட்டது. அப்போது எனக்கு எல்லாமே நியாயமாகப் படும்.

விஸ்வநத்தத்தில் ஓர் அக்காவைப் பேட்டி எடுத்தேன். விஸ்வநத்தம் என்று எழுதுகிறேன். அது விஸ்வநத்தமாகவும் இருக்கலாம், பக்கத்து ஊராகவும் இருக்கலாம். அக்காவின் வயதைக் கேட்காதீர்கள். அவர் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது, அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை. தெருவில் பாதிப் பேர் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தார்கள். அக்கா கதவைச் சாத்தாமல், தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்தார். அந்த ஒலிநாடா முழுக்க, அவர் பேச்சுக்குப் பின்னால், ஏதோ ஒரு தொடர் நாடகத்தில் ஒரு பெண் அழுதுகொண்டே இருப்பாள். தட்டச்சு செய்யும்போது யார் அழுகிறார்கள் என்று எனக்கே குழம்பிவிடும். ஏனென்றால் அக்கா அழவில்லை.

அவர் சொன்னது இதுதான். தீபாவளி சீசன். நாலு பேர் உட்கார வேண்டிய ரூமில் ஒன்பது பேர். முந்தின நாள் கலந்து மிச்சமான வெடிமருந்தை வைத்திருக்கக் கூடாது, வைத்திருந்தார்கள். சூப்பர்வைசர் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தார்கள். தீப்பிடித்தது. அக்கா தப்பினார். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அந்தப் பெண் கை தவறித் தட்டியதால்தான் தீ என்று கம்பெனி எழுதிவிட்டது. கை தவறியவளுக்கு யார் நஷ்டஈடு கொடுப்பார்கள்?

"அவ கை தவறல பாய். நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். எங்கயாவது இத எழுதி வைக்கணும்" என்றார். என்னை அந்தப் பக்கம் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள், என்னைவிட மூத்தவர்களும்.

"இது எல்லாரும் படிக்கிற மாதிரி வைப்பாங்கக்கா. சம்மதமா?"

"வைங்க. ஆனா நான் சொன்னேன்னு தெரிஞ்சா, இந்தக் கம்பெனி மட்டுமில்ல, சாத்தூர் வரைக்கும் ஒருத்தனும் எனக்கு வேலை தர மாட்டான். பாத்துக்கிடுங்க."

"உங்க பேரு வராதுக்கா. வேற பேரு வைப்போம். நீங்களே சொல்லுங்க, என்ன பேரு வேணும்?"

"எந்தப் பேருன்னாலும் வைக்கலாமா?"

"எந்தப் பேருன்னாலும்."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். கண் மட்டும் சிரித்தது.

"ஜெயராணின்னு போடுங்க பாய்."

"அருமையான பேரு" என்றேன். அக்கா இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே நானும் சேர்ந்து சிரித்தேன். எதற்கென்று தெரியாமல் சிரிப்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

அந்தப் பேட்டியை வாசித்த மதியம், மேடத்தின் விரல் ஓர் இடத்தில் எழும்பியது. அக்கா தப்பித்தது எப்படி என்கிற இடம். ரூமில் அவர் உட்காருகிற விதம் ஒன்று உண்டு. வாசல்படிக்கு வெளியே ஒரு காலை நீட்டி வைத்தபடி வேலை செய்வார் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அது இல்லை; அது மாதிரி ஒன்று. அதனால்தான் மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே அவர் வெளியே விழுந்திருந்தார்.

"வந்துட்டா" என்றார் மேடம், கண்ணைத் திறக்காமல்.

"மேடம், இத எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு? இதப் படிச்சு இன்னும் நாலு பேரு அப்படி உக்காந்தா நாலு உசுரு மிஞ்சுமே."

மேடம் கண்ணைத் திறந்தார். "இப்படி உக்காருறவங்க நிறையப் பேரு இருப்பாங்களா?"

"இருப்பாங்க மேடம்" என்றேன், பட்டாசுக் கம்பெனிக்குள் ஒரு தடவை கூட உட்கார்ந்திராத நான்.

"சரி, இருக்கட்டும்" என்றார்.

புத்தகத்தைத் திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்குக் கொடுத்தோம். காலண்டர் வேலை இல்லாத மாதம், விலை குறைவு. இணையத்துக்கும் அதே நாளில் அனுப்புவதாக ஏற்பாடு. ஒரு வாரம் கழித்து அச்சக முதலாளி கூப்பிட்டார்.

"பாய், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. மடிப்பு வேலை ஒண்ணும் நடக்கல. பொம்பளைக ஒரே சிரிப்பாக் கெடக்காக."

அச்சுப்பிழை என்று நினைத்தேன். வழியெல்லாம் எந்தச் சொல் எந்தச் சொல்லாக மாறியிருக்கும் என்று யோசித்து, எனக்கு நானே சிரித்துக்கொண்டு போனேன். அச்சகத்தின் பின்கட்டில் அச்சான தாள்களை மடித்துப் பாரம் பாரமாக அடுக்கும் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒருத்தி தாளைக் கையில் பிடித்து, கழுத்தை நிமிர்த்தி, முறைத்துக்கொண்டு வாசித்தாள்.

"'என் பெயர் ஜெயராணி. சூப்பர்வைசர் உட்காரச் சொன்னதால்தான் உட்கார்ந்தோம்.' அடியே, தன்னைத்தானே வையுறா பாரு!"

"அன்னைக்குப் பேய் புடிச்சிருக்கும்."

"பேயா? அவளப் பாத்தா பேய் வேற தெருவுல போயிரும்."

"எந்த ஜெயராணி?" என்று கேட்டேன். என் குரல் பேட்டரி இறங்கிய டேப் மாதிரி வந்தது.

"என்ன பாய், நீங்கதான எழுதுனீக? விஸ்வநத்தத்துல அந்தக் கம்பெனி சூப்பர்வைசர் ஜெயராணி. எங்க மதினி அவகிட்டதான் வேலை பாக்கா. அவ ரூமுக்குள்ள வந்தா, பேசிக்கிட்டிருந்த வாயெல்லாம் தானா ஒட்டிக்கிடும்."

புரிந்தது. எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டதும், அக்கா தன்னை ஒன்பதாவது ஆளாக உட்கார வைத்த சூப்பர்வைசரின் பெயரையே சொல்லியிருக்கிறார். திட்டமெல்லாம் இல்லை, வெறும் குசும்பு. ஒருநாளாவது அவள் வாயாலேயே அவளைத் திட்ட வைக்கலாமே என்கிற ஆசை. பட்டாசு வட்டாரத்தில் யாரும் யாருக்கும் உறவு, எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். தெரியாதவன் வத்தல் கடைக்காரன் மகன் ஒருத்தன்தான். அவனிடம்தான் பெயர் வைக்கும் வேலை.

"அந்தத் தாளு ஒண்ண இவ மதினி நேத்தே இங்க வந்து எடுத்துட்டுப் போயிட்டாக" என்றாள் இன்னொருத்தி, எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்து. "ஊர்ல காட்டணும்னு."

அதற்குப் பிறகு நான் செய்ததை வரிசையாகச் சொல்ல முடியாது. லோடு ஆட்டோ பிடித்தேன். மடித்தது, மடிக்காதது, ஓரம் வெட்டிப் போட்ட கழிவு எல்லாவற்றையும் ஏற்றி, மேலே நான் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஒரு தாள் பறந்தாலும் ஓர் ஆள் போய்விடுவார் என்று இரண்டு கையையும் விரித்து மூடிக்கொண்டு விருதுநகர் வரைக்கும் வந்தேன். கோழி அடைகாப்பது போல இருந்ததாக ஆட்டோக்காரர் பின்னால் பல பேரிடம் சொல்லியிருக்கிறார். கோழிக்காவது குஞ்சு வரும்.

மேடத்திடம் சொன்னேன். "அப்புறம்?" என்றார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இணையத்துக்கு அனுப்புறத நிறுத்தியாச்சா?"

"நிறுத்தியாச்சு மேடம். நான் இப்பவே போய் அக்காகிட்டச் சொல்லிட்டு வந்துர்றேன். அக்கா பாவம். அந்த ஜெயராணி தாளப் பாத்தா, உக்காருற விதத்த வச்சே கண்டுபிடிச்சிருவா. ஊருக்குத் தெரியாது. ஆனா ரூமுக்குள்ள இருந்தவளுக்குத் தெரியுமே."

"போகாத."

"மேடம்?"

"நீ இப்ப எந்த வீட்டுக்குப் போறியோ அதுதான் சொன்ன வீடுன்னு ஊருக்கே தெரியும். போகாத."

என் வாழ்க்கையில் நான் கேட்ட ஆகக் கடுமையான வார்த்தை அதுதான், அவ்வளவு மெதுவாகச் சொல்லப்பட்டது. ஒருத்தியை ஆபத்தில் மாட்டிவிட்டு, மாட்டியிருக்கிறாய் என்று போய்ச் சொல்லக் கூட வழியில்லை. அன்று சாயங்காலம் சிவகாசிப் பேருந்தில் ஏறி, விஸ்வநத்தத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இறங்கவில்லை. அடுத்த பேருந்தில் திரும்பி வந்தேன். வெள்ளிப் பொடி அப்பிய முகங்கள் என் இரண்டு பக்கமும் தூங்கின. அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு நொடி அக்கா மாதிரி தெரிந்து, அடுத்த நொடி வேறு யாராகவோ ஆனது.

மறுநாள் பதினொரு மணி வாக்கில் ஜெயராணி அம்மா அலுவலகத்துக்கு வந்தார்.

யாரும் சொல்லாமலே தெரிந்தது. கஞ்சி போட்டு விறைத்த சேலை. கையில் மடித்த தாள். வாசலில் நின்று, சுவரில் இருந்த படம், மேசை, நான் என்று எல்லாவற்றையும் லோடு ஏற்றும் முன் சரிபார்ப்பது போலப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். எதற்கோ மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன்.

"நீங்கதான் பாயா? இருங்க, விழுந்துராதீக."

மேடம் நாற்காலியைக் காட்டினார். அம்மா உட்கார்ந்து தாளை மேசையில் விரித்தார்.

"இதுல ஜெயராணின்னு பேசியிருக்கிறது யாரு?"

"அத நாங்க சொல்ல மாட்டோம்மா" என்றார் மேடம். "உங்க பேரு வந்துருச்சு. அது எங்க தப்பு. புத்தகத்த நிறுத்திட்டோம்."

அம்மா என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். உள்ளே இருப்பதெல்லாம் அதில் பெரிய எழுத்தில் அச்சாகிவிடும். உலகத்துக்குத் திறந்து வைக்கப்பட்ட முதல் தரவு அதுதான். மேடத்துக்கு அது தெரியும்.

"நீ போய் அம்மாவுக்குப் புரோட்டா வாங்கிட்டு வா" என்றார்.

விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவைப் பகல் பதினொரு மணிக்குப் போடுகிறவர்கள் யாரும் இல்லை. தெருத் தெருவாகச் சுற்றினேன். எண்ணெய்ச் சட்டி காய்கிற வரைக்கும் ஒரு கடையில் நின்றேன். உள்ளே என்ன நடக்கிறது, அக்கா பெயர் வெளியே வந்துவிட்டதா, நாளைக்கு அந்த அடுப்பு எரியுமா என்று நினைக்க நினைக்க, கடைக்காரர் கேட்ட எண்ணிக்கைக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பொட்டலத்தோடு திரும்பியபோது அறைக்குள் அம்மாவின் குரல் கேட்டது. கோபக் குரல்தான். கதவோரம் நின்றேன்.

"யாரோ பேசியிருக்கட்டும், எனக்குத் தேவையில்ல. ஆனா என் பேரப் போட்டு இம்புட்டு மட்டமாப் பேசியிருக்காளே, அதுதான் ஆத்தமாட்டாம இருக்கு. ஒம்பது பேருங்கா. எண்ணத் தெரியல. பதினோரு பேரு. சாக்கு மூட்டைக்கு அங்கிட்டு ரெண்டு பேர உக்கார வச்சிருந்தேன், இவளுக்கு எங்க தெரியும்? மருந்து முந்துன நாளு மிச்சம்ங்கா. அது அதுக்கும் முந்துன நாளு மருந்து. ஆபீசுல இருந்து ஆர்டர் போகணும், ஆர்டர் போகணும்னு ஆளு மேல ஆளு அனுப்புனாக. உக்காருங்கன்னு சொன்னது யாரு? நான். அந்தப் புள்ள கை தவறுச்சுன்னு கம்பெனில கேட்டப்ப, ஆமான்னு தலையாட்டுனது யாரு?"

விரலால் தாளைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"அதுவும் நான்தான். அத இவ சொல்லவே இல்ல பாருங்க."

மேடத்தின் வழக்கமான அந்த "அப்புறம்?" கூட வரவில்லை.

"ஜெயராணி பேசுனதாப் போடணும்னா ஜெயராணி பேசணும். டேப்ப எடுங்க. நான் சொல்லுறேன்."

மேடம் விதிகளைச் சொன்னார். பெயரை மாற்றித்தான் போடுவோம் என்றார். அம்மா சம்மதிக்கவில்லை. வேலை போகலாம் என்றார் மேடம். "என்னைய அனுப்பிட்டா தீபாவளி லோடு எவன் பாப்பான், மொதலாளியா?" என்றார் அம்மா. முதலில் இன்று பேசுங்கள், வீட்டில் வைத்து யோசியுங்கள், ஒரு மாதம் கழித்து நான் விஸ்வநத்தத்துக்கு வந்து மறுபடி கேட்பேன், அப்போதும் சரி என்றால்தான் வெளியிடுவோம் என்றார் மேடம். "ஒரு தடவை கேட்டுத் தலையாட்டினா அது சம்மதமில்லம்மா, மரியாதை."

"எத்தன தடவ வேணும்னாலும் கேளுங்க" என்றார் அம்மா. அப்புறம் கதவைப் பார்த்து, "பாய், புரோட்டா ஆறுது. உள்ள வாங்க" என்றார்.

அன்று பிற்பகல் முழுக்க அவர் பேசினார். பின்னணியில் யாரும் அழாத ஒலிநாடா அது. சொன்ன மாதிரியே நன்றாகப் பேசினார். ரூமின் நீளம் அகலம், ஜன்னல் எந்தப் பக்கம், சாக்கு எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக வைத்துக் கட்டினார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு அந்த ரூமுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. தீப்பிடிக்கிற இடம் வந்தபோது நான் என்னை அறியாமல் நாற்காலியை வாசல் பக்கம் நகர்த்தியிருந்தேன்.

தொலைபேசியில் கேட்ட பெண்ணுக்குச் சொல்ல வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மாதம் கழித்து மேடம் போய்க் கேட்டார், அம்மா மாறவில்லை. புத்தகத்திலும் இணையத்திலும் ஜெயராணி அம்மாவின் பேட்டி அவருடைய சொந்தப் பெயரிலேயே இருக்கிறது. இன்றைக்கும் யாரும் படிக்கலாம். கை வெந்த பெண்ணுக்காக வாதாடிய வழக்கறிஞர் அதை வாங்கிப் போனார். முதலாளி ஒரு சீசன் முழுக்க அம்மாவிடம் பேசவில்லை, ஆனால் லோடு பார்க்க அவரைத்தான் கூப்பிட்டார். அக்காவின் பேட்டியை நாங்கள் திறக்கவில்லை. இப்படி ஒரு பேட்டி இருக்கிறது, வேண்டுபவர் விருதுநகர் வந்து கேட்கலாம், சொன்னவரிடம் கேட்டுச் சம்மதித்தால்தான் காட்டுவோம் என்று ஒரு வரி மட்டும் வைத்தோம். பணம் கொடுத்தவர்கள் நிபந்தனையை நினைவூட்டிக் கடிதம் மேல் கடிதம் எழுதினார்கள். மேடம் ஒவ்வொன்றுக்கும் மிகுந்த மரியாதையோடு அதே வரியை எழுதி அனுப்பினார். அடுத்த வருடம் அவர்களிடமிருந்து பணம் வரவில்லை. மூன்று மாதம் எனக்குச் சம்பளமும் வரவில்லை. அத்தாவின் கடையில் போய்த் தும்மினேன்.

ஆக, பேரை எடுத்தாயிற்று, வேறு எதை எடுக்கலாம் என்று தொலைபேசியில் கேட்டாயே, அதற்கு என்னிடம் பட்டியல் இல்லை. எதை எடுத்தால் ஆள் மறைவாள் என்பது அவள் ஊருக்குத்தான் தெரியும். அந்த ஊரிடம் கேட்டுவிட்டால் மறைப்பதற்கு ஒன்றும் இருக்காது. இந்த இடத்தில்தான் நான் இருபது வருடமாக நின்றுகொண்டிருக்கிறேன். நீயும் வந்து கொஞ்ச நேரம் நில்.

அந்த நாளுக்குத் திரும்பி வருகிறேன். அம்மாவைப் பேருந்து ஏற்றிவிட நான் போனேன். நிலையத்தில் சிவகாசி வண்டி கிளம்பத் தயாராக நின்றது. படியில் கால் வைத்தவர் நின்று, திரும்பாமலே சொன்னார்.

"ரெண்டு நாளா ரூமுக்கு ஒருத்தி வேலைக்கு வரல."

"யாருங்கம்மா?" என்றேன்.

"யாரோ. நாளைக்கு வரச் சொல்லுங்க."

"யாருன்னு தெரியாம நான் யார்கிட்டங்கம்மா சொல்ல?"

இப்போது திரும்பிப் பார்த்தார். நடத்துநர் விசில் ஊதினார்.

"பேரு எதுக்கு? தெருவுல நின்னு பொதுவாச் சொல்லுங்க. கேக்க வேண்டியவ கேட்டுக்கிடுவா."

அடுத்த பேருந்தில் நானும் போனேன். இந்த முறை இறங்கினேன். அந்தி மயங்கும் நேரம், விஸ்வநத்தத்தில் அடிகுழாயைச் சுற்றிப் பெண்கள் குடங்களோடு நின்றார்கள். சிலர் கையில் இன்னும் வெள்ளிப் பொடி. நான் நடுத்தெருவில் நின்று தொண்டையைச் செருமினேன்.

"நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வரணுமாம். வராதவுகளும் வரணுமாம். ஜெயராணி அம்மா சொல்லிவிட்டாக."

"என்ன பாய், எப்பருந்து கம்பெனில சேந்தீக?"

"தண்டோரா வேலையா? சம்பளம் எம்புட்டு?"

"வெயில்ல அலைஞ்சு அலைஞ்சு பாய்க்குக் கலங்கிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூட்டத்துக்கு அந்தப் பக்கம், குழாயடியில் குனிந்திருந்த ஒருத்தி மட்டும் நிமிரவில்லை. அடிப்பதை நிறுத்தியிருந்தாள்; பிடியிலேயே கை இருந்தது. குடம் எப்போதோ நிரம்பிவிட்டது. பின்னால் நின்றவள், "எடு தாயி, நாங்களும் புடிக்கணும்ல" என்றாள்.

அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தண்ணீர் சிந்தச் சிந்த, என்னைப் பார்க்காமல் என் பக்கமாகவே நடந்து போனாள். நானும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கடந்துபோன பிறகு செருப்பு நனைந்திருந்தது.